நின்ற வண்டிக்கு ஒரு மணி

என் தம்பி ஏனோக்குக்கு மணி அடித்தால்தான் கை நகரும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்வதென்றால் இன்னும் நிறையச் சொல்வேன். இந்த ஐடாவின் வாய் எப்படிப்பட்டது என்று ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் லைன் வீடுகளில் யாரைக் கேட்டாலும் தெரியும். அவன் தொழில் அப்படி. தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு இருக்கிறதே, கேஜ், அதைக் கம்பி வடத்தில் கட்டி மேலிருந்து இழுக்கும் நீராவி எஞ்சினை ஓட்டுகிறவன் அவன். ஷாஃப்ட் என்பது கேஜ் இறங்கும் கிணறு; பெரிய ஷாஃப்ட்டுகளில் எஞ்சின் ஓட்டும் நாற்காலியில் வெள்ளைக்காரர்கள்தான் உட்காருவார்கள். ஒரு சின்ன ஷாஃப்ட்டில் இவனை உட்கார வைத்திருந்தார்கள்.

எஞ்சின் வீட்டில் இருந்தபடி பார்த்தால் கேஜ் தெரியாது. ஷாஃப்ட் வாயும் தெரியாது. கேஜ் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்ட எதிரே ஒரு வட்டத் தட்டில் முள் சுற்றும், தலைக்கு மேல் ஒரு மணி தொங்கும், அவ்வளவுதான். கேஜ் ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். நிற்கும்போது ஒரு மணி அடித்தால் தூக்க வேண்டும். இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறான், பார்த்து ஓட்டு. மணி வராவிட்டால் வானமே இடிந்து விழுந்தாலும் லீவரைத் தொடக் கூடாது. இதையெல்லாம் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து நாங்கள் வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. மாரிக்குப்பம் வரைக்கும் அப்போது ரயில் கிடையாது. பௌரிங்பேட்டையில் இறங்கி, தலையில் மூட்டையோடு நடந்தோம். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான். தங்கம் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியுமா, ராத்திரியில் மின்னுமா, நாம் எடுத்தால் நமக்கே கொடுப்பார்களா என்று கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தான். அப்படி வாயாடியாக இருந்தவன்தான். எஞ்சினுக்கு எண்ணெய் விடும் வேலையில் சேர்ந்து, ஏழெட்டு வருஷத்தில் ஓட்டும் நாற்காலிக்கு வந்தான். என் புருஷன் காய்ச்சலில் போன பிறகு நானும் அவனுமாக ஒரே தகர வீட்டில் குடித்தனம்.

நாற்காலிக்கு வந்த இரண்டாம் வருஷம் அது நடந்தது. ஷாஃப்ட் வாயில் நின்று மணிக் கயிற்றை இழுப்பவர் பெருமாள் அண்ணன். தினமும் அதே நேரத்துக்கு அதே ஆட்கள் ஏறுகிறார்கள், இன்றைக்கும் ஏறியிருப்பார்கள் என்று இவனாக நினைத்துக்கொண்டு, மணிக்கு முன்னாலேயே லீவரை இழுத்துவிட்டான். பெருமாள் அண்ணன் அப்போது கேஜின் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அந்த மனுஷன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "போனது ரெண்டு வெரலு. கை கீதே, விடுப்பா" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் தம்பி தேறியிருப்பான் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவனாக எதையும் செய்வதில்லை. சாப்பிட வாடா என்றால் வருவான். போதுமா என்றால் போதும் என்பான், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் போடு என்பான். சட்டை கிழிந்தால் நான் பார்த்து மாற்றச் சொல்லும் வரை அதையேதான் போட்டுக்கொண்டு திரிவான். "உனக்கு இன்னாதான்டா வேணும்?" என்று கத்தினால், "நீ சொல்லு அக்கா" என்பான். முப்பத்தொரு வயது ஆம்பிளை! சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல் இருக்கும் எனக்கு.

அவனுக்கு ஒன்று வேண்டும் என்று எனக்குத் தெரிய வந்ததே எங்கள் வேதக் கோயில் ஹார்மோனியத்தால்தான். சனிக்கிழமைதோறும் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவான். "ஹார்மோனியம் ரிப்பேர் அக்கா." இரண்டு வருஷமாக ஒரு ஹார்மோனியம் வாராவாரம் ரிப்பேர் ஆகுமா? ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கோரமண்டல் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் டெய்சி, ஹார்மோனியம் வாசிக்கிற பெண், பக்கத்தில் நின்றுகொண்டு விளக்குப் பிடிக்கிறாள். இவன் குனிந்து முடுக்குகிறான். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் முடுக்கும் திருகாணிகளை வெள்ளிக்கிழமை பாட்டுப் பழக்கம் முடிந்ததும் டெய்சியேதான் தளர்த்தி வைக்கிறாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. மகராசி, அவளும் எத்தனை வாரம்தான் தளர்த்துவாள்!

டெய்சியின் அப்பா இன்பராஜ் ஐயா சுரங்கத்து டைம் ஆபீசில் எழுத்தர். மனைவி இல்லாத மனுஷர், கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. பெண் கேட்டு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை, அது சித்திரை மாதம், அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏம்மா ஐடா, நீயே வந்துகினு கீறியே, அவனுக்கு வாய் இல்லியா? அவன் வரட்டும். பொண்ணைக் குடுங்கன்னு ஒரு தடவை கேக்கட்டும், குடுத்துடறேன். என்கிட்ட பயமா இருந்தா அவகிட்டயே கேக்கட்டும், அவ வந்து என்கிட்ட சொல்லட்டும். ஊமையா இருந்தாக்கூட குடுப்பேன். வாய் இருந்தும் தெறக்காதவனுக்கு என் பொண்ணைக் குடுத்துட்டு, நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா அப்ப யாரு பேசறது?"

அவர் மேலே சொன்னார். பெங்களூரில் தந்தி ஆபீசில் ஜெயகரன் என்று ஒரு பையன். அவர்கள் வீட்டில் நாள் குறித்துவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலில் அப்பாவும் பெண்ணும் கோரமண்டல் ரயிலடியில் ஏறுகிறார்கள், திங்கட்கிழமை நிச்சயம். "ரயில் ஏர்ற வரைக்கும் டைம் கீது" என்றார் இன்பராஜ் ஐயா.

வீட்டுக்கு வந்து ஏனோக்கிடம் அப்படியே சொன்னேன். தட்டில் கை வைத்தபடி கேட்டான். காது மடல் சிவந்துபோயிற்று. "கேக்கறேன் அக்கா" என்றான். அவனாகச் சொன்னான்! தோத்திரம் ஆண்டவரே என்று நான் அடுப்படியில் போய் அழுதேன்.

அந்த வாரம்தான் வால்டர் துரை நீலகிரிக்குக் கிளம்பினார். சுரங்கத்து மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் துரை அவர். வெயில் தாங்காமல் பதினைந்து நாள் ஓய்வு. அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஜனங்கள் அதைப் பட்டாசு வண்டி என்பார்கள். பின்னால் மாட்டிக்கொள்ள இரண்டு சக்கரத்தில் ஒரு பிரம்பு நாற்காலியும் உண்டு, துரைசானி உட்காருவதற்கு. அது கெட்டுப்போகும் போதெல்லாம் பிரித்து மாட்டுவது ஏனோக்தான், ஓட்டவும் அவனுக்குத் தெரியும். துரை அவனைக் கூப்பிட்டு, "சனி ஞாயிறு இதை ஓட்டு. சும்மா வைத்தால் எஞ்சின் தூங்கிவிடும். ஊர் சுற்று, சந்தோஷமாக இரு" என்று சொல்லி ஒரு டின் பெட்ரோலையும் கொடுத்துவிட்டுப் போனார். சந்தோஷமாக இரு என்று துரை உத்தரவு போட்டதால் என் தம்பி சந்தோஷமாக இருக்கத் தயாரானான்.

சனிக்கிழமை பகல் சுரங்கத்துச் சங்கு ஊதியதும் வண்டி எங்கள் வாசலில். லைனே கூடிவிட்டது. பின்னால் உட்காருகிறவர்கள் எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கேள்வி வந்தது. வண்டி போடுகிற சத்தத்தில் கத்தினால் கேட்காது. ஓட்டுகிறவன் முன்னால் பார்ப்பானா, பின்னால் பார்ப்பானா? பெருமாள் அண்ணன் யோசித்து, ஒரு வெண்கல மணியைக் கொண்டு வந்து கைப்பிடியில் கட்டினார். அதிலிருந்து ஒரு கயிறு நாற்காலிக்குப் போயிற்று. "நம்ம கேஜ் கணக்குதான்பா. ஓடும்போது ஒண்ணு, நில்லு. நிக்கும்போது ஒண்ணு, போ." ஏனோக்கின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

முதல் சவாரி பெருமாள் அண்ணன். மூன்று விரல் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ராஜா மாதிரி போனார், வந்தார். "ஏனோக்கு, கேஜை விட இது சொகமா கீதுடா!" அடுத்து பக்கத்து வீட்டு வெங்கடம்மா. தெலுங்குக்காரி, பயந்தவள், ஆனால் எல்லோரும் ஏறும்போது தான் ஏறாமல் இருக்கக் கூடாது அவளுக்கு. ஏறினாள். கடைத்தெருவில் வண்டி வேகம் எடுத்ததும், "அய்யோ தேவுடா!" என்று கயிற்றை இழுத்தாள். வண்டி நின்றது. நின்றதும் பயத்தில் இன்னொரு தரம் இழுத்தாள். வண்டி கிளம்பிற்று. மறுபடியும் அலறி இழுத்தாள், நின்றது. இப்படியே நிற்பதும் கிளம்புவதுமாகக் கடைத்தெரு முழுக்கப் போனார்கள். ஜவுளிக் கடைக்காரர் முழக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்துச் சிரித்தேன், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏனோக்கும் சிரித்தான். எத்தனை வருஷம் ஆயிற்று அவன் பல்லைப் பார்த்து! புழுதி படிந்த முகத்தில் வியர்வை வழிய, "அடுத்து யாரு?" என்று கேட்டான். ஆள் மேல் ஆள் வந்தார்கள். சபை உபதேசியாருக்குப் பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டில் ஜெபக்கூட்டம், அங்கே ஒரு தடவை. அவரைத் திரும்பக் கூட்டி வர இன்னொரு தடவை. ஒருத்திக்குத் தங்கச்சி வீட்டுக்கு மாங்காய்க் கூடை கொண்டு போக வேண்டும். இன்னொருத்தனுக்கு ஒன்றும் வேண்டாம், சும்மா ஒரு சுற்று. யாருக்கும் இல்லை என்று சொல்ல என் தம்பிக்குத் தெரியாது. சாயங்காலம் இன்பராஜ் ஐயா வீட்டுக்குப் போவதாகத்தான் பேச்சு. நான் வெள்ளைச் சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒவ்வொரு முறை வண்டி வரும்போதும் வேறொருத்தர் ஏறிக் கயிற்றை இழுத்துவிடுவார், அவன் என்னைப் பார்த்துக்கொண்டே போய்விடுவான். அந்தச் சட்டையை நான் மறுபடி மடித்து வைத்தேன்.

"டேய், கோரமண்டலுக்குப் போயிருக்க வேணாமா?"

"மணி அடிச்சிகினே இருந்தாங்களே அக்கா. நாளைக்கு ஏரிக்கரைக் கூட்டத்துல கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் எல்லோரும் பேத்தமங்கலம் ஏரிக்குப் போவது கோடையில் வருஷா வருஷம் உண்டு. மாட்டு வண்டிகளில் பிள்ளைகள், புளிச்சோறு, நீர்மோர்ப் பானை, பாட்டுப் புத்தகம். இன்பராஜ் ஐயாவும் டெய்சியும் பெட்டி படுக்கையை ரயிலடிக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டு அங்கே வந்திருந்தார்கள். சாயங்காலம் அப்படியே ரயிலேறுவதாகத் திட்டம். டெய்சி நீலக்கரைச் சேலை கட்டியிருந்தாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே வண்டிச் சத்தம் வரும் பக்கம் பார்த்தாள்.

வண்டி வந்தது. வந்ததும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். ஏரிக்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒவ்வொரு பிள்ளையாகச் சவாரி. கேட்டால், "குழந்தைங்க அக்கா, எப்டி வேணான்றது?" அங்கே பத்தடி தூரத்தில் இன்பராஜ் ஐயா பாயில் உட்கார்ந்து கடிகாரம் இல்லாத குறைக்கு வெயிலைப் பார்த்து நேரத்தைக் கணித்துக்கொண்டிருக்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. போய் அவன் காதைப் பிடித்துத் திருகி, "இப்ப கேளு" என்று தள்ளினேன். போனான். அவர் முன்னால் நின்றான். அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாப்பா?"

"மோர் வேணுமா ஐயா?" என்றான் என் தம்பி.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஏரித் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு யோசனை வந்தது. ரயிலடிக்குப் போக அவர்களுக்கு ஜட்கா பேசியிருந்தது. சமையல் பாத்திரமெல்லாம் அதில் ஏற்றியதால் இரண்டு பேர் உட்காரத்தான் இடம். நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, என்னால மாட்டு வண்டியில வர முடியாது, நோவு தாங்கல, நானும் உங்க கூட ஜட்காவுல வரேன். டெய்சி மோட்டார்ல வரட்டுமே, முன்னாலதான போகுது" என்றேன். இன்பராஜ் ஐயா என் முழங்காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"பின்னால தனி நாற்காலிதானே. போகட்டும்" என்றார். அந்த மனுஷருக்கும் மனசுக்குள் ஆசை இருந்தது என்று இப்போதும் நம்புகிறேன்.

டெய்சியை நாற்காலியில் உட்கார வைத்து, சேலையை ஒதுக்கி, புழுதி படாமல் மடியில் போர்த்தும் தோல் போர்வையின் பட்டையை மாட்டினேன். கயிற்றைக் கையில் கொடுத்தேன். "பாரும்மா, பாதி தூரத்துல ஒரு பெரிய புளியமரம் வரும். அங்க இத ஒரு தடவை இழு. நிறுத்திடுவான். பேச வெச்சிடு."

"நின்னுட்டு அவரு பேசலேன்னா இன்னா பண்றதுங்க அக்கா?"

"வண்டி நின்னா அவனே திரும்புவான். போ."

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஏனோக்கின் தோளைத் தட்டி, "வழியில கேளுடா, வேற யாரும் இல்ல" என்றேன். தலையாட்டினான். உதடு அசைந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை மனப்பாடம் பண்ணுகிறான் என்று தெரிந்தது.

மோட்டார் கிளம்பிற்று. பின்னால் எங்கள் ஜட்கா. குதிரை எலும்பும் தோலும். ஒரு மைல் போவதற்குள் மோட்டார் ஒரு புழுதிப் பொட்டாகிவிட்டது. பாதை மட்டமான மேட்டு நிலம், மரம் மட்டை கிடையாது, எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தெரியும். புளியமரம் தெரிந்தது. அதன் கிட்டே புழுதி அடங்கியது.

"நின்னுட்டாங்க" என்றார் இன்பராஜ் ஐயா. குரலில் ஒரு மாதிரி இளக்கம்.

நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். கண்ணைத் திறந்தபோது புழுதி மறுபடி கிளம்பியிருந்தது. அதற்குள் பேசி முடித்துவிட்டார்களா? கொஞ்சம் தூரம் போயிற்று, மறுபடி நின்றது. சரி, இப்போது பேசுகிறார்கள். பத்து எண்ணுவதற்குள் கிளம்பிற்று.

"இன்னாம்மா, வண்டி ரிப்பேரா?"

"தெரிலீங்க ஐயா" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெங்கடம்மா ஞாபகம் வந்தாள். கடைத்தெருவில் அவள் இழுத்து நின்றதும், இழுத்துக் கிளம்பியதும். ஓடும்போது ஒன்று, நில். நிற்கும்போது ஒன்று, போ. நான் அந்தப் பெண்ணுக்கு முதல் பாதியை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! நின்ற பிறகு அவன் திரும்பவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்? கூப்பிட்டால் அந்த எஞ்சின் சத்தத்தில் கேட்காது. அந்த வண்டியில் ஒரு கிளட்ச் உண்டு, நின்றாலும் எஞ்சின் கத்திக்கொண்டேதான் இருக்கும். கையில் இருப்பது கயிறு. என்னைப் பார் என்று கயிற்றை இழுப்பாள். அவனுக்கு அது போ.

"ஜட்காக்காரரே, ஓட்டுங்க! அடிச்சு ஓட்டுங்க!"

"இதுக்கு மேல அடிச்சா படுத்துடும்மா, அப்பறம் நாமதான் இழுக்கணும்."

மூன்றாவது முறையும் நின்றது. நான் ஜட்காவில் எழுந்து நின்று, தலைப்பை உருவி ஆட்டினேன். "டேய் ஏனோக்கு! திரும்புடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு மைல் தூரத்துக்கு யார் குரல் போகும்? என் வாயைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்களே, அந்த வாய் அன்றைக்கு எதற்கும் உதவவில்லை. புழுதி கிளம்பியது. அதற்குப் பிறகு அது எங்கேயும் நிற்கவில்லை.

நாங்கள் கோரமண்டல் ரயிலடிக்கு வந்தபோது ரயில் வந்து நின்றிருந்தது. டெய்சி பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் புழுதி, கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு மட்டும் சுத்தமாக இருந்தது. ஏனோக் ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

நான் ஓடிப் போனேன். முழங்கால் நோவு என்று சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று. "அம்மா டெய்சி, அது அவன் தப்பு இல்லம்மா. நான்தான் பாதி சொன்னேன். ஓடும்போது ஒண்ணு அடிச்சா நிக்கணும், நிக்கும்போது ஒண்ணு அடிச்சா போகணும். சுரங்கத்து மணி அப்டிம்மா. நீ கூப்ட்டது அவனுக்குப் போன்னு கேட்டுச்சு."

டெய்சி கேட்டுக்கொண்டாள். அவளுக்கு நன்றாகப் புரிந்தது, டீச்சர் இல்லையா.

"மூணாவது தடவை நான் எறங்கப் போனேங்க அக்கா. ஒரு காலை வெளிய வெச்சிட்டு, கொஞ்சம் இருங்கன்னு கயித்தை இழுத்தேன். வண்டி போயிடுச்சு, உள்ள விழுந்துட்டேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கயிறு அறுத்த சிவப்பு இருந்தது. "மணி தப்பா அடிச்சது நான்தான், சரி. ஆனா அக்கா, அவரு ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாமே?"

அதற்கு நான் என்ன சொல்வேன்? எஞ்சின் வீட்டில் திரும்பிப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, எதிரே முள்ளைத்தான் பார்க்க வேண்டும், எட்டு வருஷமாக அப்படியே உட்கார்ந்து பழகிவிட்டான் என்று சொல்வேனா? சொல்ல வேண்டியவன் மூன்றடி தள்ளி நிற்கிறான்.

இன்பராஜ் ஐயா ஏறுவதற்கு முன்னால் அவனிடம் வந்தார். நல்ல மனுஷர். கோபமே இல்லாமல் கேட்டார். "ஏனோக்கு, எதனா சொல்லணுமாப்பா?"

ஏனோக் அவரைப் பார்த்தான், டெய்சியைப் பார்த்தான். வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது, நான் பார்த்தேன். "உங்க..." என்றான். ஒரே ஒரு சொல்.

ரயிலடியில் தொங்கிய தண்டவாளத் துண்டில் டங்கென்று மணி அடித்தார்கள்.

அவன் கை கம்பியிலிருந்து தானாக எடுபட்டது. ஒரு எட்டு பின்னால் வைத்து, ரயிலுக்கு வழி விட்டு, நிமிர்ந்து நின்றான். இன்பராஜ் ஐயா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலையை அசைத்துவிட்டு ஏறிக்கொண்டார். ரயில் போயிற்று. டெய்சி கடைசி வரைக்கும் அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அறையக் கை ஓங்கினேன்கூட. கண்ணீர் வழிவது தெரியாமல் அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையை இறக்கிக்கொண்டேன்.

மோட்டாரைக் கிளப்பப் பார்த்தான். டின் பெட்ரோலும் தீர்ந்துபோயிருந்தது. வெங்கடம்மாவுக்கும் உபதேசியாருக்கும் மாங்காய்க் கூடைக்கும் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கும் போனது போக மீதி ரயிலடி வரைக்கும்தான் வந்தது. ஆண்டர்சன்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டே கிளம்பினோம். அவன் கைப்பிடியைப் பிடித்து முன்னால், நான் பிரம்பு நாற்காலியைப் பிடித்துப் பின்னால். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் அவனாகப் பேசினான். திரும்பாமல்தான் பேசினான்.

"மொதல்ல நின்னப்ப, வாயைத் தெறந்தேன் அக்கா. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. ரெண்டாவது தடவையும் அப்டித்தான். மூணாவது தடவை எனக்குப் புரிஞ்சிடுச்சு, போன்றாங்க, என்னை வேணாம்ன்றாங்கன்னு. பொண்ணு போன்னு சொன்னப்பறம் இன்னா கேக்கறது?"

கொஞ்ச தூரம் போனதும், "நீ மீதியும் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தன் விரல் போனபோது பெருமாள் அண்ணன் பேசினாரே, அதே குரலில் சொன்னான். அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷத்தில் அவன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. டெய்சிக்கு பெங்களூரில் கலியாணம் ஆனபோதும் ஒன்றும் சொல்லவில்லை. எஞ்சின் வீட்டுக்குப் போகிறான், வருகிறான்.

அன்றைக்கு மேட்டில் மூச்சு வாங்கியது எனக்கு. "நில்லுடா" என்று சொல்லக்கூட முடியாமல், பிடித்துக்கொள்வதற்காக எதையோ எட்டிப் பிடித்தேன். மணி அடித்துவிட்டது. அவன் நின்றான். நான் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன். வியர்வையைத் துடைத்தேன். மூச்சு சீராகியும் அவன் நகரவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, எதிரே பார்த்தபடி நிற்கிறான்.

"போலாம்டா" என்றேன். காதில் விழவில்லையா, விழுந்தும் போகவில்லையா, தெரியாது. இருட்டும் வரை, விடியும் வரை அப்படியே நிற்பான் என்று தோன்றிற்று. திட்ட வாய் வரவில்லை. கையில் அந்தக் கயிறு இருந்தது.

ஒரு தடவை இழுத்தேன். வண்டி நகர்ந்தது.